அதெல்லாம் சரி, என் குடை எங்கே?

அக்கா,

அன்றைக்கு உங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். யார் வந்தார்கள், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று நீங்கள் எப்படியும் என்னிடம்தான் கேட்பீர்கள். உங்கள் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், படிக்கட்டை ஒட்டிய நாற்காலியில். உங்கள் மகள் ரீனா, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தரையில். நம் வெள்ளிக்கிழமை பஜனைக் கோஷ்டிப் பெண்கள் எல்லோரும் ஜமுக்காளத்தில், மைதிலி மாமி மட்டும் முழங்கால் வலி என்று சோபாவில். லைப்ரரியில் உங்களோடு வேலை பார்த்த கரோல், நீங்கள் கொடுத்த பச்சைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு. என் வீட்டுக்காரர், வழக்கம்போல் தூக்கி வைக்க ஏதாவது நாற்காலி கிடைக்காதா என்று தேடிக்கொண்டு. சர்ச்சுக்குப் புதிதாக வந்திருக்கும் ஃபாதர். கையில் சுண்டல் பாத்திரத்தோடு நான்.

சர்ச்சில் உங்களுடைய முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட வந்திருந்தோம். வெளியே நல்ல மழை. சுண்டலிலிருந்து தேங்காயும் கடுகும் தாளித்த வாசனை வந்துகொண்டிருந்தது. ரீனா போனைத் தொட்டாள். ஸ்பீக்கரில் உங்கள் குரல் வந்தது. போன வருஷம் என் வீட்டுக் கொலுவில் நீங்கள் பாடியதை அவள் பிடித்து வைத்திருந்தாள். பின்னால் யாரோ வெற்றிலைத் தட்டை வைக்கிற சத்தம்கூடக் கேட்டது. அது நான்தான்.

நான் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். துக்கத்தில் நிற்கிறேன் என்று மாமி நினைத்து என் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். துக்கம் பாதி, பயம் பாதி. அந்தப் பாட்டுக்கு அர்த்தம் தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்று காலை வரைக்கும் நினைத்திருந்தேன். சர்ச் வாசலில் வைத்துத்தான் கரோல் சொன்னாள், ஃபாதர் ஹைத்தி நாட்டுக்காரர், சின்ன வயதிலிருந்தே பிரெஞ்சில் படித்தவர் என்று.

இந்த வம்பை எப்படி ஆரம்பித்தீர்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நாம் இந்த எடிசன் ஊரில் ஒரே அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸ். லாண்ட்ரி ரூமில் பழக்கமாகி, பாண்டிச்சேரிக்காரங்க, கிறிஸ்தவங்க, வருவாங்களோ மாட்டாங்களோ என்று தயங்கித் தயங்கித்தான் உங்களைக் கொலுவுக்குக் கூப்பிட்டேன். நீங்கள் மல்லிகைப்பூவோடு முதல் ஆளாக வந்து நின்றீர்கள். கொலுவுக்கு வந்தால் பாடாமல் தாம்பூலம் கிடையாது. உங்கள் முறை வந்தபோது மைதிலி மாமி விடவே இல்லை.

"உங்க சாமி பாட்டுன்னாலும் பாடுங்கோ. எந்த சாமியா இருந்தா என்ன, காதுல விழுந்தா சரி."

நீங்கள் மேல்படியில் இருந்த அம்பாளைப் பார்த்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, இழுத்து இழுத்துப் பாடினீர்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அறையே அமைதியாகிவிட்டது. மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாதா பாட்டுதானே? என்ன உருக்கம், என்ன உருக்கம்!"

நீங்கள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சமையலறைக்கு வந்து, ஃப்ரிட்ஜில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினீர்கள். அழுகிறீர்கள் என்று நினைத்து நான் தண்ணீர் கொடுத்தேன்.

"மாதா பாட்டாக்கா அது?"

"மாதாவாவது! பிரெஞ்சு பாப் பாட்டு. நான் காலேஜ் படிக்கும்போது ரேடியோல வரும். வேற எதுவும் முழுசா ஞாபகம் வரலை, என்ன பண்றது?"

"அக்கா! அம்பாள் முன்னாடி போய்!"

"அம்பாளுக்குப் பிரெஞ்சு தெரியாதா என்ன? எல்லாம் தெரிஞ்சுதான் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. மாமிதான் அழுதாங்க."

அன்றைக்கு எல்லோரும் போனபிறகு அம்பாளுக்கு முன்னால் நெய்விளக்கு வைத்து, உங்களுக்காக நான் மன்னிப்புக் கேட்டேன். அதை உங்களிடம் சொன்னபோது, "எனக்கும் சேத்தா? நல்ல பொண்ணு" என்றீர்கள். அதற்கப்புறம் வருஷா வருஷம் மாமி அந்த மாதா பாட்டைக் கேட்பார். நீங்கள் என் பக்கம் திரும்பாமல் பாடுவீர்கள், திரும்பினால் சிரிப்பு வந்துவிடும் என்று. யார் வந்தார்கள், என்ன பாடினார்கள், என்ன வைத்துக் கொடுத்தேன் என்று கொலு நோட்டில் வரி பிசகாமல் எழுதுகிறவள் நான். நீங்கள் வைத்த பெயரே கணக்குப்புள்ள. அந்த நோட்டில் உங்கள் பேருக்கு எதிரே ஒவ்வொரு வருஷமும் 'மாதா பாட்டு' என்றே எழுதினேன். தெரிந்தே எழுதிய தப்புக் கணக்கு அது ஒன்றுதான்.

அர்த்தத்தை நீங்கள் எனக்குக் காரில்தான் சொன்னீர்கள். வெள்ளிக்கிழமை என்னைக் கோயிலில் இறக்கிவிடப் போகும்போது, ரூட் ஒன் ரோட்டுச் சிக்னல்களில், ஒரு சிக்னலுக்கு ஒரு சரணமாக. அதைப் பாடிய பிரெஞ்சுக்காரியின் ரெக்கார்டையே நீங்கள் காரில் போட்டபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. வேகமான பாட்டு, கிடார், கைதட்டல். நீங்கள் இழுத்ததில்தான் தோத்திரமாகிவிட்டிருந்தது.

"அந்தக் காலத்துல பிரான்ஸ்ல பாடறவங்க எல்லாம் என் மனசு, என் தனிமை, என் சிகரெட்டுனு அழுதுக்கிட்டே பாடுவாங்க. இவ அவங்களையே கேலி பண்ணிப் பாடினா. கேளு. முதல் சரணம், எங்கேயோ சண்டை, ஊரே இடிஞ்சு கிடக்கு. டிவியில பாக்கறா. பாத்துட்டு, அதெல்லாம் சரி, என் குடை எங்கேங்கறா."

"ஐயோ பாவி."

"ரெண்டாவது, பஞ்சம். மாவுக்கு ஜனங்க வரிசையில நிக்கறாங்க. அதெல்லாம் சரி, என் குடை எங்கே? மூணாவது, காடு பத்தி எரியுது. பறவைங்க பறக்க இடமில்லை. ரொம்ப வருத்தமா இருக்கு, மழை வந்தா நல்லதுங்கறா. உடனே, ஐயையோ, மழை வந்தா என் குடை?"

நான் சிரிக்கவில்லை. இப்படியும் ஒரு பொம்பளையா என்று எனக்குக் கோபம் வந்தது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை, அப்படிப்பட்டவளாக நடிக்கிறாள் என்று நீங்கள் எனக்கு விளக்க அடுத்த சிக்னல் வரை ஆயிற்று. நான்காவது சரணத்தில் கடல் தெருவுக்குள் வருகிறது. ஐந்தாவதுதான் கடைசி. அது வரும்போதெல்லாம் கோயில் பார்க்கிங் வந்துவிடும். "இறங்கு, நைவேத்தியத்துக்கு நேரமாச்சு. அது அப்புறம் சொல்றேன்" என்பீர்கள். நேரமாகாத நாளிலும் அதையேதான் சொன்னீர்கள்.

கனடாவில் காடு எரிந்து, புகை நம் ஊர் வரைக்கும் வந்து, எடிசன் வானமே ஆரஞ்சு நிறமாக இருந்ததே, அந்த வாரம் ஞாபகம் இருக்கிறதா? ஜன்னலைத் திறக்காதீர்கள், வெளியே போகாதீர்கள் என்று போனில் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. நான் உங்களுக்கு போன் பண்ணி அழுதேன்.

"என்னடி, வீட்ல யாருக்காவது மூச்சு முட்டுதா?"

"இல்லக்கா. ஜவ்வரிசி வடாம் போட்டு டெக்ல காய வெச்சேன். எல்லாம் புகை நாத்தம்."

 அப்புறம், "அதெல்லாம் சரி..." என்று இழுத்தீர்கள். மீதியை நானே சொன்னேன். நீங்கள் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் அழுகிற மாதிரி சிரித்தோம். அந்த வடாமை நான் தூக்கிப் போடவில்லை. "பார்பெக்யூ வடாம் இன்னும் இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு நீங்களே பாதியைத் தின்றீர்கள்.

அதிலிருந்து 'குடை' நம் இரண்டு பேருக்கும் ஒரு பாஷையாகிவிட்டது. நீங்கள் பச்சைச் சால்வைக்குப் பொருத்தமான பொட்டு கிடைக்கவில்லை என்று கடை கடையாக ஏறினால் நான் சொல்வேன். நான் கோயில் வரிசையில் நின்றுகொண்டு பருப்பு விலையைப் பேசினால் நீங்கள் சொல்வீர்கள். ஒரே ஒரு முறைதான் என்னை அதட்டினீர்கள். ஏதோ ஒரு நாட்டில் பூகம்பம் என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது மாமி தன் முழங்காலைப் பற்றியே பேசினார். நான் உங்கள் காதில் "குடை" என்றேன்.

"அது அவங்க முழங்கால். ராத்திரி தூங்க விடாத முழங்கால். நம்ம குடையைப் பாத்து நாம சிரிக்கலாம். அடுத்தவங்க குடையில கை வைக்காதே."

இவ்வளவும் இரண்டு பேருக்குள் இருந்தவரை சுகமாக இருந்தது. நீங்கள் போனபிறகு அது எனக்குப் பாரமாகிவிட்டது அக்கா.

பூசைக்கு முந்தின நாள் பேஸ்மென்ட்டைக் கூட்டிப் பெருக்க உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ரீனா தன் போனைக் காட்டினாள். சாப்பாட்டுக்கு முன்னால் இதைத்தான் போடப் போகிறேன் என்றாள்.

"வேற ஏதாவது போடலாமே கண்ணு. தமிழ்ல ஏதாவது. அம்மாவுக்குப் பிடிச்ச மாதா பாட்டு எத்தனையோ இருக்கே."

"இதுதான் அவங்க மாதா பாட்டு, ஆன்ட்டி. அவங்க பாடினது என்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு." அப்புறம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "ஐ கான்ட் ப்ரே, ஆன்ட்டி. அம்மா போனதிலேருந்து வார்த்தையே வர மாட்டேங்குது. சோ டெய்லி வேலைக்கு டிரைவ் பண்ணும்போது இதைப் போட்டுக் கூடவே பாடறேன். தட்ஸ் மை ப்ரேயர் நவ். மீனிங் தெரியாது. பட் இட்ஸ் ஹர்ஸ், ரைட்?"

நான் என்ன சொல்வேன், சொல்லுங்கள். தினமும் காலையில் காரில் தனியாக உட்கார்ந்து, கண்ணீரோடு, என் குடை எங்கே, என் குடை எங்கே என்று கடவுளிடம் அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே ஜெபமும் போய்விடும். சொல்லாமல் விட்டால் என்றைக்காவது யாராவது சொல்வார்கள். அன்றைக்கு வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். மறுநாளே ஹைத்தி ஃபாதர் வந்து முன்வரிசையில் உட்காருவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பாட்டு ஆரம்பித்தது. ஃபாதர் கண்ணை மூடிக் கைகளைக் கோர்த்துக்கொண்டார். முதல் குடைக்குக் கண்ணைத் திறந்தார். சரியாகத்தான் கேட்டோமா என்பதுபோல ஸ்பீக்கரைப் பார்த்தார். இரண்டாவது குடைக்கு உதட்டைக் கடித்துக்கொண்டார். மூன்றாவதில் காடு எரிந்தது, மழை வந்தால் நல்லது என்றீர்கள், நான் என் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். ஃபாதரின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கர்சீப்பை எடுத்து வாயில் வைத்தும் அவரால் நிறுத்த முடியவில்லை. தோள் இரண்டும் குலுங்கின. மாமி அவர் அழுகிறார் என்று நினைத்து, தானும் மூக்கை உறிஞ்சினார்.

ரீனா அப்படி நினைக்கவில்லை. பாட்டு முடிகிறவரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"ஃபாதர், ஆர் யூ லாஃபிங்?"

 அவர் கர்சீப்பைக் கசக்கிக்கொண்டு, சாரி, சாரி என்றார். யாராவது காப்பாற்ற மாட்டார்களா என்று சுற்றிப் பார்த்தார். எல்லோரும் குழப்பத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒருத்திதான் கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றேன். அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. "யூ நோ?" என்றார்.

எழுந்து நின்று பேசிப் பழக்கமில்லாதவள் நான். பத்தாவதோடு படிப்பு நின்று, மீதி இங்கிலீஷை நீங்கள் லைப்ரரியிலிருந்து எடுத்துவந்து கொடுத்த புத்தகங்களில் கற்றுக்கொண்டவள். அந்த நேரத்தில் அதுவும் வரவில்லை. தமிழிலேயே சொன்னேன், ரீனாவைப் பார்த்து. ஒவ்வொரு சரணமாக, நீங்கள் காரில் சொன்ன மாதிரியே. சண்டை, பஞ்சம், காடு, கடல். ஒவ்வொன்றுக்கும் பின்னால் குடை.

முதலில் சிரித்தது யார் தெரியுமா? அண்ணன். முப்பது நாளாக வாயே திறக்காத மனுஷன்.

"அடிப்பாவி! கல்யாணம் ஆனதிலேருந்து இது ஜெபம்னு நினைச்சுக்கிட்டிருந்தேனே! அவ சமையல்கட்டுல இதைப் பாட ஆரம்பிச்சா, நான் டிவியை ம்யூட் பண்ணிட்டு எழுந்து நிப்பேன்! கிரிக்கெட் மேட்ச்ல கூட நின்னிருக்கேன்!"

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்போ இத்தனை வருஷமா நான் அழுதது எதுக்குடி?" என்று கேட்டுவிட்டு அவரும் ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கரோலுக்கு இங்கிலீஷில் சொல்ல, அவள் கடைசியாகச் சேர்ந்துகொண்டாள்.

ரீனா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து என்னிடம் வந்தாள்.

"சோ இது ப்ரேயர் இல்ல. அம்மா ஜோக் பண்ணிட்டிருந்தாங்க. நான் இதை வெச்சு டெய்லி..."

அப்போதுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. கீமோவுக்கு நான் உங்களோடு வந்த நாட்களில், ஊசி ஏறத் தொடங்கியதும் இதையே முணுமுணுத்துச் சிரிப்பீர்கள். பிறகு பாட்டு நின்றுவிடும். உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். ஒரு நாள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். நீங்கள் சொன்னதை அப்படியே ரீனாவிடம் சொன்னேன்.

"முதல்ல என் குடையைத் தேடி முடிச்சுடறேன். முடி போச்சே, நாக்கு கசக்குதே, எனக்கு ஏன் வந்துச்சுன்னு எல்லாத்தையும் கேட்டுட்டு, பாட்டைப் பாடிச் சிரிச்சுடறேன். அது ஒதுங்கினாத்தான் அடுத்தவங்க பேரைக் கடவுள்கிட்ட சொல்ல வருது."

"யார் பேரெல்லாம் சொன்னாங்க?" என்றாள் ரீனா.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஊசி போடுகிற நர்சின் மகன், வேலை தேடிக்கொண்டிருந்தானே, அவன். எதிர் நாற்காலியில் தனியாக வருகிற கிழவர். மாமியின் முழங்கால். கரோலின் தங்கை. டிவியில் பார்த்த, பெயர் தெரியாத ஊர்க்காரர்கள். அண்ணன். கடைசியில் எப்போதும் ரீனா, அவளுக்கு மட்டும் நேரம் அதிகம்.

மாமி சிரிப்பதை நிறுத்தி முழங்காலில் கை வைத்துக்கொண்டார். ரீனா கண்ணைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, உங்களைப் போலவே ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, "சோ நான் இதுவரைக்கும் ஃபர்ஸ்ட் ஹாஃப் மட்டும்தான் பண்ணிட்டிருந்தேனா?" என்றாள்.

"ஆமா கண்ணு. பாதிதான். ஆனா தப்பில்லாத பாதி."

அப்போதுதான் சிரித்தாள் அக்கா. சிரித்துக்கொண்டே என் தோளில் சாய்ந்தாள். பெரிய மூட்டையைத் தலையிலிருந்து இறக்கி வைத்த மாதிரி எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. எத்தனை வருஷத்துப் பயம்! மாமிக்குத் தெரிந்தால் என்ன ஆகும், அம்பாள் என்ன நினைப்பாள் என்று நான் பயந்ததெல்லாம் அரை மணி நேரச் சிரிப்பில் முடிந்துபோயிற்று. சுண்டலும் ஒரு கடலைகூட மீதியில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். எல்லோரும் கிளம்பும்போது மழை வலுத்துவிட்டது. ஃபாதர் ஷூவைப் போட்டுக்கொண்டு, வாசலில் குவிந்து கிடந்ததையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நினைக்காமல் திரும்பிக் கேட்டார், "எக்ஸ்க்யூஸ் மீ, வேர் இஸ் மை அம்ப்ரெல்லா?" கேட்டபிறகுதான் அவருக்கே உறைத்தது. அண்ணன் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் இதைச் சொல்லிக்கொள்ளலாமா என்று ஃபாதர் அனுமதி கேட்டார். அண்ணன் கொடுத்துவிட்டார். உங்களைக் கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போதெல்லாம் காலையில் விளக்கேற்றியதும் நான் முதலில் என் குடையைத்தான் தேடுகிறேன். டிஷ்வாஷர் ஒழுகுகிறது, மகன் போன் பண்ணவில்லை, நீங்கள் இல்லாமல் வெள்ளிக்கிழமை வெறுமையாக இருக்கிறது. எல்லாவற்றையும் அம்பாளிடம் கொட்டிவிட்டு, உங்கள் மெட்டை இரண்டு வரி முணுமுணுக்கிறேன், என் பிரெஞ்சைக் கேட்டு அவள் சிரிக்கட்டும் என்று. பிறகு பெயர்களைச் சொல்கிறேன். நர்சின் மகனுக்கு வேலை கிடைத்துவிட்டதாம், அவனை எடுத்துவிட்டேன். மற்றவர்கள் பெயரெல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ரீனாவும் தன் பங்குக்குக் காரில் சொல்கிறாள். எனக்கு ஒரு நாள், அவளுக்கு ஒரு நாள் என்று மாமியின் முழங்காலைப் பிரித்துக்கொண்டோம்.

கொலு நோட்டில் பழைய வருஷங்களையெல்லாம் அடித்துத் திருத்திவிட்டேன். 'மாதா பாட்டு' இருந்த இடத்தில் 'குடைப் பாட்டு'.

இந்த நவராத்திரிக்கு ரீனா பாடுகிறாள். ஒவ்வொரு சரணத்துக்கும் நான் தமிழில் அர்த்தம் சொல்ல வேண்டும் என்று மாமியின் உத்தரவு. நாலு சரணத்துக்குச் சொல்லிவிடுவேன். கடைசிச் சரணம்தான் தெரியாது. அன்றைக்கு ஃபாதர் குடையோடு வாசலில் நின்று, நான் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் ஃபாதர், ஷி வில் டெல் மீ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்புறம் சொல்கிறேன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

கனவில் வந்தாலும் சரி, ரூட் ஒன் சிக்னலில் வந்தாலும் சரி. கொலு வைக்க இன்னும் நாள் அதிகமில்லை. சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

உங்கள்,
கணக்குப்புள்ள